படுக்கையருகே யார் பொறுப்பு?

மாலை ஏழு அல்லது எட்டு மணி. கொல்கத்தாவின் சால்ட் லேக்கிலும் தில்லியின் சித்தரஞ்சன் பூங்காவிலும் பல வீடுகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழைப்பு மணி ஒலிக்கும். பகல் ஆயா கிளம்புகிறார், இரவு ஆயா வருகிறார். மதியம் கஞ்சி எவ்வளவு இறங்கியது, எத்தனை முறை சிறுநீர் போயிற்று, எந்த மாத்திரை பாக்கி, இடுப்புக்குக் கீழே தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டுகிறார். மருத்துவமனையில் இதற்குப் பதிவேடு உண்டு, நேரம் உண்டு, இருவரின் கையெழுத்தும் உண்டு. வீட்டில் வாசற்படியிலேயே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. யாரைப் பற்றிய பேச்சோ அவர் உள்ளே படுத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவர் ஐம்பது பேரை வேலை வாங்கிய அதிகாரியாக இருந்திருக்கலாம். தன்னைப் பற்றி வாசலில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கக்கூட இன்று அவருக்கு வழியில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டிய இந்தியர்கள் 10 கோடிக்குச் சற்று அதிகம். 2050இல் இந்த எண்ணிக்கை 34 கோடியைத் தாண்டும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கணிக்கிறது. இவர்களில் படுத்த படுக்கையாகிறவர்கள் மருத்துவமனையில் சில நாட்களே இருக்கிறார்கள். மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் அவர்கள் கிடப்பது வீட்டில்தான். ஆனால் நோயாளியின் உரிமைகள், நர்ஸின் கடமைகள் என்று நமது சட்டமும் நீதிமன்றங்களும் பேசியதெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது.

முதல் கேள்வியே சங்கடமானது. வீட்டுக்கு வருகிற இந்தப் பெண் யார்? கொல்கத்தாவில் ஆயா சென்டர் அனுப்பினால் ஆயா. கேரளத்தில் ஹோம் நர்ஸ். தில்லியில் பிளேஸ்மென்ட் ஏஜென்சியின் ரசீதில் அட்டெண்டன்ட். வீட்டார் வாயில் எல்லா ஊரிலும் நர்ஸ். (ஆயா என்ற சொல் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. குழந்தைகளை வளர்த்தவளுக்கு வைத்த பெயர், இப்போது அந்தக் குழந்தைகளின் வயதான பெற்றோரைப் பார்க்கிறவளுக்கு ஆகியிருக்கிறது.) இந்தியச் சட்டப்படி நர்ஸ் என்றால் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து மாநில கவுன்சிலில் பதிவு செய்தவர். துணை நர்ஸுக்கே இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும், பொது நர்ஸுக்கு மூன்று, பி.எஸ்ஸி.க்கு நான்கு. 1947 சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம், பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஏஜென்சிகளுக்கு இது தெரியும். ரசீதில் நர்ஸ் என்று எழுதாததன் ரகசியம் அதுதான்.

ஆனால் அட்டெண்டன்ட் செய்கிற வேலை என்ன? இன்சுலின் போடுகிறார். மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் உணவு செலுத்துகிறார். கதீட்டர் பையைக் காலி செய்கிறார், தொண்டையில் சளி அடைத்தால் கருவி வைத்து உறிஞ்சுகிறார், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். ரைல்ஸ் டியூப் இடம் மாறி நுரையீரல் பக்கம் போயிருந்தால் உள்ளே விடும் கஞ்சி ஆளைக் கொன்றுவிடும். அதைச் சோதித்துப் பார்க்கப் பல வீடுகளில் அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பதிவு பெற்ற நர்ஸை அமர்த்தினால் செலவு பல மடங்கு. தவிர, ஆளும் கிடைப்பதில்லை. பட்டம் பெற்ற மலையாளி நர்ஸ் பிரிட்டனின் கவுன்சிலில் முறைப்படி பதிவு செய்துகொண்டு அங்கே ஒரு ஆங்கிலேய முதியவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். கோட்டயத்தில் அவருடைய தாயைப் பார்த்துக்கொள்வது பதிவில்லாத ஹோம் நர்ஸ்.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? மருத்துவமனை விஷயத்தில் பதில் தெளிவாகிவிட்டது. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நர்ஸ் போட்ட தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கில், தகுதியில்லாத ஆளை நர்ஸாக வைத்திருந்த தனியார் மருத்துவமனையே பொறுப்பு என்று 1998இல் முடிவாயிற்று. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோ தன் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் தற்காத்துக்கொள்கிறது. ஆளை அறிமுகம் செய்வது மட்டுமே நமது வேலை, அவருடைய செயல்களுக்குப் பொறுப்பல்ல, பணம் காணாமல் போனாலும் பொறுப்பல்ல. மாதாமாதம் கமிஷன் எடுப்பதை மட்டும் அறிமுகம் என்று எப்படிச் சொல்வது என்று நுகர்வோர் ஆணையத்தில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்வியோடு படியேறுகிறவர்கள் குறைவு.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். பாதுகாக்கப்படுகிறவர் யாராவது கேட்கப்பட்டாரா? இந்தியக் குடும்பங்களில் டாக்டர் மகனைப் பார்த்துப் பேசுவார். மகன் தலையசைப்பார். கட்டிலில் இருப்பவர் மூன்றாம் மனிதர். வியாதியின் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வாசலிலேயே நர்ஸிடம் சொல்லிவைப்பார்கள். எனக்கு என்னம்மா ஆகியிருக்கிறது என்று நள்ளிரவில் அவர் கேட்கும்போது விழித்திருப்பது அந்த நர்ஸ் மட்டுமே. பொய் சொல்லும் வேலையும் அவர் சம்பளத்தில் அடக்கம்.

சட்டம் குடும்பத்தின் பக்கம் இல்லை. தில்லியில் 1995இல் நடந்த ஒரு சம்பவத்தில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு டாக்டர் அகற்றிவிட்டார். 2008இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அவசர ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் தானே முடிவு சொல்லக்கூடிய ஒருவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது என்றது. தாய்க்கே இல்லாத உரிமை மகனுக்கு எங்கிருந்து வரும்? வயதாவதால் மட்டும் ஒருவர் மைனராகிவிடுவதில்லை. எண்பது வயதில் காது கேட்காதவரை, பேச்சு குழறுகிறவரை, பதில் சொல்லத் தாமதிக்கிறவரை நினைவு தப்பியவர் என்று எடுத்துக்கொள்வது சௌகரியம். அவ்வளவுதான்.

உண்மையிலேயே நினைவு தப்பியிருந்தால் என்ன செய்வது என்பதில் சட்டம் திணறுகிறது. மைனருக்குப் பாதுகாவலர் நியமிக்க நூற்றாண்டு பழைய சட்டங்கள் உண்டு. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற குறைபாடுகளுக்கானது. டிமென்ஷியா அதன் பட்டியலில் இல்லை. கோமாவில் கிடக்கிறவரின் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூட மனைவி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தானே நெறிமுறைகள் வகுத்துக்கொடுத்தது அதனால்தான்.

மூன்றாவது, யாரும் உரக்கப் பேசாத விஷயம். கட்டிப்போடுவது. ரைல்ஸ் டியூபைப் பிடுங்கிவிடுகிறார், இரவில் எழுந்து நடந்து விழுகிறார் என்று துப்பட்டாவாலோ பழைய வேட்டியாலோ முதியவரின் மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவது தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நடக்கிறது, வீட்டிலும் நடக்கிறது. கட்ட மனசு வராதவர்கள் தூக்க மாத்திரையைக் கூட்டுகிறார்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை எப்போதோ எழுதிய சீட்டின் பலத்தில் மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். மாத்திரையின் மயக்கத்தில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழி ஆயாவின் தலையில்.

இந்த இடத்தில் ஒரு சட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2017 மனநல மருத்துவச் சட்டம், மனநல நிறுவனங்களில் ஒருவரைக் கட்டிவைப்பதற்கு உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதிருக்க வேண்டும், மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது, எல்லாம் பதிவாக வேண்டும் என்கிறது. இன்னொரு வரியும் அதில் உண்டு. ஆள் பற்றாக்குறை என்பதற்காக யாரையும் கட்டக் கூடாது. இந்த வரியை மட்டும் அமல்படுத்தினால் நாட்டின் பல முதியோர் இல்லங்கள் மறுநாள் காலை பதில் சொல்ல முடியாமல் நிற்கும். ஆனால் சட்டம் மனநல நிறுவனங்களுக்கு. சாதாரண முதியோர் இல்லத்துக்கும் வீட்டுக்கும் இத்தனை விரிவான விதி இல்லை. சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் என்ற பொதுவான குற்றப்பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. பெற்ற பிள்ளை மீது அந்தப் பிரிவில் புகார் கொடுக்க, கட்டப்பட்ட கையோடு யார் போலீசுக்குப் போவது?

இதற்கெல்லாம் 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பரிகாரம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவ கவனிப்பு ஆகியவற்றைப் பராமரிப்பு என்று அது வரையறுக்கிறது. தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய தொகைக்கு மாதம் ரூ 10,000 என்று உச்சவரம்பு வைக்கிறது. பெருநகரத்தில் பகல் இரவு இரண்டு ஷிஃப்டுக்கு ஆள் வைத்தால் அந்தத் தொகை பாதி மாதத்துக்குக்கூடப் போதாது. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ 5,000 வரை அபராதம். கைவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்டால்? அங்கே சட்டம் மங்கலாகிவிடுகிறது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமாயிற்று. ரூ 10,000 வரம்பை அது நீக்கியது. மருமகன், மருமகளையும் பொறுப்பில் சேர்த்தது. முதியோர் இல்லங்கள் மட்டுமல்ல, வீட்டுக்கு வந்து பராமரிப்புத் தரும் நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றது. இந்தப் பிரச்னையின் மையத்தைத் தொட்ட வரிகள் அவை. நிலைக்குழுவுக்குப் போய் அறிக்கையும் வந்தது. அதன் பிறகு அசைவில்லை. 2024இல் பதினேழாவது மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. இடையில் கொரோனா வந்து, வீட்டில் தனித்திருந்த முதியவர்களின் கதி என்ன என்று நாடே பார்த்தது. அதுவும் மசோதாவை நகர்த்தவில்லை.

முதியவரின் பக்கம் மட்டும் பார்ப்பது நியாயமல்ல. சுந்தரவனக் கிராமத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி கேனிங் லோக்கலில் நெருக்கியடித்து வந்து சேரும் பெண்ணுக்கு மலம் துடைக்கும் வேலை உண்டு. அந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமை பல இடங்களில் இல்லை. தனித் தட்டு, தனித் தம்ளர். சாதி இங்கே சுகாதாரம் என்ற பெயரில் உலவுகிறது. இருபத்துநாலு மணி நேர ஆள் என்றால் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, முனகல் கேட்கும்போதெல்லாம் எழ வேண்டும். நகர முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால்தான் படுக்கைப் புண் வராது என்பது நர்சிங் பாடத்தின் ஆரம்ப விதி. தூங்காத ஒருத்தியால்தான் அதைக் கடைப்பிடிக்க முடியும். ஒரே ஆள் எத்தனை இரவு தூங்காதிருப்பாள்?

புத்தி தடுமாறிய முதியவரின் கை அவள் உடம்பில் படும்போது பிரச்னை இன்னும் சிக்கலாகிறது. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடமே. மாவட்டந்தோறும் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால் செய்தவருக்குத் தான் செய்வது தெரியாது என்றால் தண்டிப்பது யாரை? தெரிந்தே செய்தவர் டிமென்ஷியாவைக் கேடயமாக்கினால்? மருத்துவமனையில் உடனே ஆண் நர்ஸை மாற்றுவார்கள். வீட்டில், வயசானவர், கண்டுகொள்ளாதே என்பார்கள். கண்டுகொண்டால் ஏஜென்சி வேறு பெண்ணை அனுப்பிவிடும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் வந்தபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அதோடு சரி. அவர்களுக்குத் தனிச் சட்டம் பற்றி யோசிக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொல்ல வேண்டிவந்தது.

சொத்து இருக்கும் வீட்டில் சந்தேகமும் இருக்கும். கிழவர் ஆயாவுக்கு எழுதிவைத்துவிடுவாரோ என்று. 1872 ஒப்பந்தச் சட்டம், வயதாலோ நோயாலோ மனத் திறன் குன்றியவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் தகாத செல்வாக்கு இருக்கலாம் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை ஆயாவுக்கு மட்டுமல்ல. நினைவு மங்கிய தாயின் இடது கட்டை விரலில் மை தடவுகிறவர் பெரும்பாலும் உறவினர். அப்போது சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிடப்படுகிறவர்தான் நர்ஸ். அம்மாவுக்குப் புரிந்ததா இல்லையா என்பது அறையில் இருக்கும் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போட மறுத்தால் வேலை போகும். கடைசிவரை கவனிப்பதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007 சட்டத்தில் இடமுண்டு. மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படி வீட்டை மீட்டுக்கொடுத்தது. ஆனால் கவனிப்பு ஒரு நிபந்தனை என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2022இல் ஒரு வழக்கைத் தள்ளியதையும் மறக்கக் கூடாது. பாசத்தை நம்பி எழுதுகிறவர்கள் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

பணியாளருக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் உள்ள உறவைச் சட்டம் ஒருமுறை மதித்திருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். உறவினர்கள் விலகினார்கள். தலைமுறை தலைமுறையாக நர்ஸ்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். 37 ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பதை 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வியப்போடு பதிவு செய்தது. அவருக்கு விடுதலை கேட்டு மனு செய்த எழுத்தாளர் பிங்கி விரானியை அல்ல, மருத்துவமனை ஊழியர்களையே அவர் சார்பில் பேசும் உரிமை உள்ளவர்களாக அது ஏற்றது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். 2015 மே மாதம், 66 வயதில், நிமோனியாவில் அருணா இறந்தார். அந்த முடிவு சரியா என்று இன்னும் வாதிடலாம். தினமும் தொட்டுக் கவனிக்கிறவரின் சொல்லுக்கு எடை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது மட்டும் அபூர்வம்.

அபூர்வம்தான், ஏனெனில் அதற்குப் பிறகு அந்த எடை காணாமல் போயிற்று. கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை 2018இல் அரசியல் சாசன அமர்வு அங்கீகரித்தது. உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்டிரேட் வேண்டாம். இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். நேரம் வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு குழுக்களிலும் டாக்டர்களே உறுப்பினர்கள். நர்ஸுக்கு இடமில்லை. போதும், விட்டுவிடு என்று நோயாளி எத்தனை இரவு சொன்னார் என்பதை அறிந்தவர் அந்த அறைக்கு வெளியே நிற்கிறார். சங்க அகப்பாட்டில் செவிலிக்குப் பேச இடமுண்டு; கவலைப்படுவாள், தேடிப்போவாள், அவள் கூற்றென்றே பாடல்கள் உண்டு. அவள் பெயரைத் தமிழ் நர்ஸுக்குக் கொடுத்தது, பேச்சை மட்டும் விட்டுவிட்டது.

சட்டம் வரும்வரை ஆள் வைக்காமல் இருக்க யாராலும் முடியாது. நர்ஸ் என்று சொல்லி அனுப்பினால் பதிவு எண்ணைக் கேட்டு மாநில கவுன்சிலில் சரிபார்க்கலாம். அட்டெண்டன்ட் என்றால் ஊசியும் ரைல்ஸ் டியூபும் அவர் வேலையல்ல என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதற்குப் பதிவு பெற்ற நர்ஸை வாரத்தில் சில முறையாவது வரவழைத்துக் கற்றுக்கொடுக்கச் செய்யலாம். ஷிஃப்ட் மாறும்போது வாசற்படிப் பேச்சுக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம். மாத்திரை, நேரம், புரட்டிய மணி, தோல் சிவந்த இடம், கட்டினார்களா, கட்டினால் யார் சொல்லி என்று அதில் எழுதச் சொல்லலாம். ஆயாவுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை, அதே வீட்டுக் கழிப்பறை. புது ஆள் வரும்போது முதலில் அவரைக் கட்டிலருகே கூட்டிப்போய், இவரை வைத்துக்கொள்ளலாமா என்று படுத்திருப்பவரைக் கேட்க வேண்டும். குளிப்பாட்டப்படப் போகிறவர் அவர்தான்.